காதுல விழல ஐயா

பாட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அதைக் கேட்டதுமே இடிக்குக் கை ஊறத் தொடங்கிவிட்டது.

இடி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. டிரம் அடிக்கிற பெண்ணுக்கு நண்பர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பகலில் அவளுக்கு ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரி, ஹோட்டல் படுக்கை விரிப்புகளெல்லாம் மலை மலையாக அங்கே வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து, சுழன்றுகொண்டே இருக்கும் சூடான உருளைக்குள் ஊட்ட வேண்டும். உருளை யாருக்காகவும் நிற்காது. ஒருத்தி அரை நொடி பிந்தினால் விரிப்பு சாய்ந்து, மறுபக்கம் சுருக்கமாக வெளியே வரும். இடியின் தாளம் பிசகாததற்குக் காரணம் அந்த உருளைதான் என்று கூட்டாளிகள் சொல்வார்கள்.

கூட்டாளிகள் இரண்டே பேர். கிட்டார் அடித்துக்கொண்டே பாடுகிறவன் அரம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இரும்பை ராவுகிற மாதிரி தொண்டை. பேஸ் கிட்டார் வாசிப்பவன் ரிப்பேர். ரேடியோவும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அந்தக் கடையின் பின்னறைதான் அவர்களுடைய ஒத்திகைக் கூடம். மூவரும் வாசித்தது பங்க் என்கிற முரட்டு ராக் இசை. பங்க் பாட்டின் சூத்திரம் எளிது. கிட்டாரில் மூன்று சுரக்கூட்டு, அதாவது மூன்று கார்டு போதும், ஆனால் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவனின் அவசரம் வேண்டும். அழகாகப் பாட வேண்டியதில்லை. கேட்கிறவன் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாட்டு ரிப்பேருடைய அத்தையுடையது. அத்தை இளவயதில் கிடங்கில் மூட்டை சுமந்தவர். அந்தக் காலத்துப் போராட்டங்களில் கிடங்கு வாசலில் நின்று சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவார். அதில் ஒன்று ஒரு கேசட்டில் இருந்தது. ரிப்பேரின் அப்பா, அதாவது அத்தையின் தம்பி, அன்று பதிவு செய்தது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அத்தையிடம் போய், "இதை நாங்க வாசிச்சுக்கலாமா அத்தை?" என்று கேட்டபோது அவர் எதிர்வீட்டுக்காரரோடு மும்முரமாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். "எடுத்துக்கோ. வாய்ல வந்ததுக்கு வாடகையா கேக்கப் போறேன்?" என்றதோடு சரி.

பாட்டு இப்படிப் போகும்:

மூட்டை சுமந்தோம் முதுகு வளைஞ்சோம்
முணுமுணுக்கல ஐயா!
என்ன வேணும்? என்ன வேணும்?
கேக்குறாரு ஐயா!

இங்கேதான் அந்தப் பள்ளம். எட்டு எண்ணுகிற நேரத்துக்குக் கேசட்டில் ஒன்றுமே இல்லை. அப்புறம் அத்தையின் குரல் மறுபடியும் ஏறி வரும்:

காத்து பலமா அடிக்குதுங்க
காதுல விழல ஐயா!
என்ன வேணும்? என்ன வேணும்?
கேக்குறாரு ஐயா!

திரும்பவும் பள்ளம். அடுத்த அடியில் மாடி உயரமாக இருப்பதால் காதில் விழாது. அதற்கடுத்ததில் மெஷின் சத்தத்தால் விழாது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே எட்டு எண்ணிக்கைக்கு வெறுமை.

"முதலாளியை நக்கல் அடிக்குறாங்கடா," என்றான் அரம். "கேக்குற மாதிரி கேக்குறான், ஆனா காதுல வாங்க மாட்டேங்குறான். செம கதை!"

"நடுவுல எதுக்கு இவ்ளோ காலியா விட்டிருக்காங்க?" என்று ரிப்பேர் கேட்டான்.

"மூச்சு வாங்கியிருப்பாங்க. மூட்டை தூக்குறவங்க இல்லையா?" என்றாள் இடி. "இருக்கட்டும், எனக்குத்தான் லாபம்."

டிரம் அடிப்பவர்களிடம் ஒரு குணம் உண்டு. பாட்டில் எங்கே இடம் கிடைத்தாலும் அங்கே ஒரு ரோல் அடித்து நிரப்பிவிட வேண்டும். ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் தொடங்கி, ஒவ்வொரு டிரம்மாக உருண்டு இறங்கி, கடைசியில் சிம்பல் தட்டில் போய் வெடிக்கிற அடி அது. கிடைப்பது பள்ளமானால் அதை மூடாமல் தூக்கம் வராது. இடி அந்த எட்டு எண்ணிக்கைக்குள் ஒரு ரோல் கட்டினாள். அப்படி ஒரு ரோலை வாழ்க்கையிலேயே அடித்ததில்லை என்று அவளுக்கே தோன்றியது. அரம் கிட்டாரை நிறுத்திவிட்டு, "ஏய் பேயே!" என்று கத்தினான். அது பாராட்டு.

பாட்டை எங்கே வாசிப்பது என்பதில் குழப்பமே இல்லை, இடியின் சலவை ஆலையில்தான். அங்கே பின்கதவு என்று ஒன்று இருந்தது. விரிப்புகள் காணாமல் போகின்றன என்று சொல்லி நிர்வாகம் அதைப் பூட்டிவிட்டது. ஒரு நாள் நீராவிக் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டபோது எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓட வேண்டியதாயிற்று. நல்லவேளை, யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகவில்லை. மடிப்பு மேசையில் வேலை செய்த அக்கா நெரிசலில் அடிபட்ட தோளைப் பிடித்துக்கொண்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போய், பின்கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். மறுநாள் அவரை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் துணி எப்படி வரும் என்று விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு கதவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

"நாங்க வந்து பாடுறோம் அக்கா," என்று இடி சொன்னாள். "கதவைத் திறன்னு அரம் ஒரு கத்து கத்தினா மேல் மாடி வரைக்கும் கேக்கும்."

"கத்திட்டு அவன் வேனை எடுத்துட்டுப் போயிடுவான். உள்ளே நிக்கப்போறது நாமதானே?" என்றார் மடிப்பு அக்கா. "கதவுன்னு ஒரு வார்த்தை வந்தா நீயும் என்கூட அழுக்கு ரூம்ல நிப்பே. பழைய பாட்டை மட்டும் பாடச் சொல்லு."

அதனால் பழைய பாட்டை மட்டும் பாடினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், தள்ளுவண்டிகள் ஏறி இறங்குகிற, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற இரும்புத் தகட்டுச் சரிவின் பக்கத்தில், சூப்பர்வைசரின் அனுமதியோடு. பழைய பாட்டுதானே என்று அவர் தலையாட்டிவிட்டார். அரம் தொண்டை கிழியப் பாடினான். இடி ஒவ்வொரு பள்ளத்திலும் தன் ரோலை உருட்டினாள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும் விட அதிகமாகத் தட்டியவர் சூப்பர்வைசர்.

"பிரமாதம்மா! அந்த நடுவுல அடிச்சே பாரு, அடடா! அடுத்த வாரமும் வாங்க."

மணி அடித்தது. எல்லோரும் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள். பின்கதவு பூட்டியபடியே இருந்தது.

அன்று சாயங்காலம் இடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். ரிப்பேரும் வந்தான். போனில் பதிவு செய்திருந்த பாட்டை அத்தைக்குப் போட்டுக் காட்டினார்கள். அத்தை சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஏன் இவ்ளோ மெதுவா பாடுறீங்க?"

அரம் அங்கே இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. இதற்கு மேல் வேகமாகப் பாடினால் அவனுக்குப் பல் கழன்றுவிடும்.

"சரி, ஜனங்க என்ன பண்ணாங்க?"

"கை தட்டினாங்க அத்தை."

"கை தட்டினாங்களா!" அத்தை எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார். "எனக்கு ஒருத்தன்கூடக் கை தட்டினதில்லை, தெரியுமா? ஊர் ஊராப் பாடியிருக்கேன். ஒரு தட்டு? ஊஹூம்."

"ஏன் அத்தை? பிடிக்கலையா?"

"பிடிக்காமலா? அவங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? ஏங்க, கையில என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க? காட்டுங்க!" அத்தையின் கவனம் சீட்டுக்குத் திரும்பிவிட்டது.

படி இறங்கும்போது இடி நடுவில் நின்றுவிட்டாள். கை தட்ட நேரம் இல்லை என்றால், அந்த நேரத்தில் ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

"ரிப்பேரு, கேசட்டை எடு. பாட்டை விட்டுடு. பள்ளத்தை மட்டும் கேக்கலாம்."

கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பள்ளத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இடி கையைத் தூக்கினாள். பள்ளம் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன உரசல், 'க்ர்ரிச்' என்று. முடியும் இடத்தில் இன்னொன்று. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"டேப் அழுக்கா?"

"அழுக்குக்குத் தாளம் தெரியாது," என்றான் ரிப்பேர். பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டால் அதை மறுபடியும் உண்டாக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. அவன் ஒரு மைக்கை எடுத்துச் சீப்பால் தேய்த்தான். இல்லை. துணியால் தேய்த்தான். இல்லை. கடைசியில் உள்ளங்கையை மைக்கின் மேல் வைத்து மூடினான். 'க்ர்ரிச்'. எடுத்தான். 'க்ர்ரிச்'.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கப்பா கை," என்றான்.

மைக்கை அவர் பொத்தியிருக்கிறார். அப்படியானால் அங்கே பொத்தி மறைக்க வேண்டிய ஏதோ இருந்திருக்கிறது! இடி கேசட்டைத் தட்டினாள். "உள்ளே என்ன இருக்குன்னு கேக்க முடியுமா? யோசிடா, யோசி!"

ரிப்பேர் அதற்குள் யோசித்துவிட்டிருந்தான். பக்கத்து வீட்டில் பாட்டுப் போட்டால் சுவரைத் தாண்டி நமக்குப் பாடுகிறவர் குரலா கேட்கிறது? இல்லை. 'தும் தும்' என்று அடிச்சத்தம் மட்டும்தான் வரும். மெல்லிய சத்தம் எதிலாவது பட்டதும் நின்றுவிடும், தடித்த சத்தம் புகுந்து வந்துவிடும். உள்ளங்கையும் ஒரு சுவர்தான். பேச்சை அது விழுங்கியிருக்கும். ஆனால் அடி எங்கேயும் போயிருக்காது. அவன் மெல்லிய சத்தத்தையெல்லாம் திருகிக் குறைத்து, தடித்த சத்தத்தை முழுவதும் ஏற்றி, தன் பேஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

தும். தும். தும். தும்.

அலமாரியிலிருந்த ஸ்குரூக்கள் டப்பாவுக்குள் குதித்தன. அது டிரம் இல்லை. கால்கள். நூற்றுக்கணக்கான கால்கள், கிடங்கு வாசலின் மரத்தளத்தில், ஒன்றாக. அதற்கு மேலே, கையையும் தாண்டி, வார்த்தை பிரியாத ஓர் இரைச்சல், கூட்டம் மொத்தமும் வாய் திறந்தால் வருமே, அது.

ரிப்பேர் உடனே அத்தைக்குப் போன் போட்டான். "அத்தை, அந்த காலி இடத்துல ஜனங்க பதில் சொன்னாங்களா?"

"பின்னே? பாட்டே அதுதானே! கேள்வி என்னோடது, பதில் அவங்களோடது. கூலின்னு ஒரு வார்த்தையைக்கூட நான் என் வாயால சொன்னதில்லை."

"அப்பா ஏன் மைக்கைப் பொத்தினார்?"

"குரல் டேப்புல மாட்டினா ஆளும் மாட்டிக்குவானில்ல? இதைக் கேக்கவா போன் போட்டே? வை, நான் ஜெயிக்குற சமயம்."

இடி ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பாட்டு ஒரு கருவி. பாடுகிறவர் கேள்வியை மட்டும் கேட்பார், அதற்காக அவரைப் பிடிக்க முடியாது. பதிலை எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள், அதில் யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது. 'காதுல விழல' என்பது முதலாளியை நக்கலடிக்க மட்டும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து, இன்னும் உரக்கச் சொல்லுங்கள் என்று கேட்பது. எவ்வளவு கச்சிதமான கருவி! அதன் வாயில்தான் அவள் தன் ரோலை அடைத்து வைத்திருந்தாள்.

"ஊர் வாயை மூடிட்டு, கை தட்டலையும் வாங்கிட்டு வந்திருக்கேன்டா."

"சும்மா இல்லை, செம ரோல் அது," என்று ஆறுதல் சொன்னான் ரிப்பேர்.

அடுத்த வாரம், அதே சாப்பாட்டு நேரம், அதே இரும்புச் சரிவு. இந்த முறை அரமுக்கு எல்லாம் சொல்லியாயிற்று. ஆலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்கூட்டிச் சொன்னால் சொல்லிவைத்தது போல் ஆகிவிடும். யார் ஏற்பாடு என்று நிர்வாகம் கேட்டால் சொன்னவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

டிரம் அடிப்பவளுக்கு அடிப்பதைவிடச் சும்மா இருப்பது கஷ்டம். அவள் செய்யப் போவது ஒன்றுதான். பள்ளம் வந்ததும் கை இரண்டையும் தொடையில் வைத்துக்கொள்வாள். காலால் மட்டும் பெரிய டிரம்மை மிதிப்பாள்.

அரம் தொடங்கினான். முதல் பள்ளம் வந்தது. தும். தும். தும். தும். யாரும் அசையவில்லை. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. இடிக்கு அந்த எட்டு எண்ணிக்கை ஒரு ஷிஃப்ட் நீளம் இருந்தது. டிரம் கட்டைகளை ஓங்கிவிடாமல் இருக்கத் தொடைக்குக் கீழே அழுத்திக்கொண்டாள்.

"என்னம்மா, மறந்துட்டியா?" என்று படியில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் சிரித்தார். சிலர் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

'காத்து பலமா அடிக்குதுங்க, காதுல விழல ஐயா!' அரம் இந்த முறை வானத்தைப் பார்த்துப் பாடவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேராகப் பாடினான். பள்ளம். தும். தும். யாரோ ஒருவரின் ரப்பர் பூட்ஸ் தகட்டை மிதித்தது. தும். இன்னொன்று. உட்கார்ந்தபடியே காலை மட்டும் ஆட்டினால் எவர் கால் என்று யாருக்குத் தெரியும்? நான்காவது மிதியில் சரிவு முழுக்க அதிர்ந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு போனது.

'மாடி உசரம் ஜாஸ்திங்க, காதுல விழல ஐயா! என்ன வேணும்? என்ன வேணும்?'

"கதவு!"

யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தவர்களும் சொல்வதில்லை. அது ஒரு குரல்கூட இல்லை, வாய்க்குள் சோற்றோடு வந்த பாதிக் குரல். சூப்பர்வைசர் சட்டென்று தலையைத் திருப்பினார். அதற்குள் அரம் முந்திக்கொண்டான்.

'மெஷினு சத்தம் கேக்குதுங்க, காதுல விழல ஐயா!'

இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது, பயம் கழன்று விழும்போது வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே எல்லா வாயும் திறந்தன.

"பின்கதவு! பின்கதவு!"

தும். தும். தகடு இரைந்தது. இடி இதுவரை எத்தனையோ சத்தம் எழுப்பியிருக்கிறாள். கை கட்டிக்கொண்டு இப்படி ஒரு சத்தத்தை எழுப்பியதில்லை.

மேல் மாடியில் ஜன்னல் கண்ணாடி நகர்ந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, கீழே குனிந்து கத்தினார்.

"என்ன? என்னதான் வேணும் உங்களுக்கு?"

அரம் மைக்கைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டான். மேனேஜர் கேட்டதைவிட நல்ல பாட்டு வரி அவனிடம் இல்லை.

"பின்கதவைத் திறக்கணும்!"

இந்த முறை வார்த்தை வார்த்தையாகப் பிரிந்து, தெளிவாகப் போய் அந்த ஜன்னலில் மோதியது. மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டார், "யாருய்யா சொல்றது?"

சூப்பர்வைசர் எழுந்து நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். இஸ்திரி உருளை, மடிப்பு மேசை, அழுக்கு அறை, கொதிகலன், வண்டி தள்ளுகிறவர்கள். எந்த வாயும் மூடியிருக்கவில்லை. இத்தனை பேரையும் மாற்றிப்போட அழுக்கு அறையில் இடம் இல்லை.

"எல்லாரும் சார்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் சார்."

பாட்டில் அதற்கு மேல் அடிகள் இல்லை. அரம் கிட்டாரை நிறுத்தினான், ரிப்பேர் நிறுத்தினான். இடியும் மிதிப்பதை நிறுத்தினாள். கூட்டம் நிறுத்தவில்லை. இசைக்குழு இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். இடி கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலைத் தள்ளிவிட்டு, ஓடிப்போய் மடிப்பு அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, தன் பூட்ஸ் காலால் தகட்டை மிதித்தாள். "பின்கதவு!" என்று கத்தும்போது தன் குரல் தனக்கே தனியாகக் கேட்கவில்லை என்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேலே ஜன்னல் மூடியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கால்கள் ஓயவில்லை. பிறகு மேனேஜரே படியிறங்கி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சூப்பர்வைசரின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பூட்டு துருவேறியிருந்தது. சூப்பர்வைசர் திருகிப் பார்த்தார், அசையவில்லை. "தள்ளுங்க சார், நான் பாக்குறேன்," என்று ரிப்பேர் முன்னால் வந்து, கிட்டார் கம்பிக்குப் போடுகிற எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, சாவியை முன்னும் பின்னும் பொறுமையாக ஆட்டினான். க்ளிக். கதவுக்கு முன்னால் குவிந்து கிடந்த உடைந்த வண்டிகளை ஆளாளுக்கு இழுத்துப் போட்டார்கள். மடிப்பு அக்கா நல்ல தோளைக் கொடுத்து ஒரே தள்ளு தள்ளினார்.

காற்று உள்ளே வரும் முன் நீராவி வெளியே ஓடியது. உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி, நடுவில் திறப்பு. ஆவி அதற்கு மேல் யாரிடமும் அனுமதி கேட்காது. வெள்ளை வெளேரென்று ஒரு பெரும் புகை சந்துக்குள் உருண்டு போக, எதிர்க் கட்டடத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஐயையோ, என்னாச்சு?" என்று அலறினார்.

"ஒண்ணும் ஆகலம்மா! கதவு திறந்திருக்கு, அவ்ளோதான்!"

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. கொதிகலன்காரர் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, "அடுத்து ஃபேன்," என்றார்.

"ஃபேன் அப்புறம். முதல்ல கையுறை," என்றாள் அழுக்கு அறைப் பெண் ஒருத்தி.

"யோவ், ஒவ்வொண்ணா வாங்கய்யா, எட்டு எண்ணுறதுக்குள்ள எத்தனைதான் சொல்லுவீங்க?" என்றான் அரம்.

"அப்ப பதினாறா ஆக்குங்க தம்பி," என்றார் மடிப்பு அக்கா. "ஏன்டி இடி, முடியாதா?"

இடிக்கு வாய் நிறையச் சிரிப்பு. "சும்மா இருக்கிறதுதானே அக்கா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் இருப்பேன்!" என்று சொல்லிக்கொண்டே, இஸ்திரி உருளையை நோக்கி ஓடினாள்.